கிட்டத்தில் பஞ்சாங்கம், எட்டத்தில் மலை

நாற்பது தாண்டிய கண்ணும், மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸும்: இந்த வாரம் அடி அண்ணாமலையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள்.

கே: வயது 44. மலை உச்சித் தீபம் வீட்டு வாசலிலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. கையிலிருக்கும் பால் பாக்கெட்டின் தேதி தெரியவில்லை. கண் கெட்டுவிட்டதா?
(இல்லத்தரசி, அடி அண்ணாமலை)

ப: கெடவில்லை; கண்ணுக்கு வயது வந்திருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் சின்ன வயதில் மெத்தென்று இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது புடைத்துக் கொடுக்கும். நாற்பதையொட்டி அது இறுகிப்போய்ப் புடைக்க மறுக்கிறது. வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் பாட்டிமார் சொன்னது இதைத்தான். 2,668 அடி உயர மலையின் தீபம் தெரிவதும், கையிலுள்ள பாக்கெட்டின் தேதி தெரியாததும் ஒரே கண்ணின் வேலை. படிக்கும் பவர் +1-ஐ ஒட்டித் தொடங்கி, அறுபது வாக்கில் +2.50 பக்கம் போய் ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குமேல் பெரிதாக ஏறாது என்பது ஆறுதல். யாருமே தப்ப முடியாது என்பது அதைவிடப் பெரிய ஆறுதல்.

கே: கையை நீட்டிப் பிடித்துப் படித்துச் சமாளிக்கிறேன். எத்தனை நாள் ஓடும்?
(மளிகைக் கடைக்காரர், கீழ்பென்னாத்தூர்)

ப: கை நீளும்வரை.

கே: மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸிலும் பைஃபோகல் கண்ணாடி மாதிரி மேலே தூரம், கீழே கிட்டம்தானா?
(பள்ளி ஆசிரியை, செங்கம்)

ப: இல்லை டீச்சர். மெல்லிய லென்ஸ் கண்ணோடு சேர்ந்தே நகரும். கண்ணைத் தாழ்த்தினால் அதுவும் தாழும். கீழ்ப்பாதி வழியே பார்க்க வழியில்லை. அதனால் பவரை வட்ட வட்டமாக அமைக்கிறார்கள். பல லென்ஸ்களில் நடு வட்டம் கிட்டத்துக்கு, ஓரம் தூரத்துக்கு, இடைப்பட்டது கம்ப்யூட்டருக்கு. தூரமும் கிட்டமும் ஒரே நேரத்தில் விழித்திரையில் விழும். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரம், தவில், மைக்செட் எல்லாம் ஒன்றாக முழங்கினாலும், பின் வரிசையில் சம்பந்தி பேசும் வம்பு மட்டும் தெளிவாகக் காதில் விழுகிறதல்லவா? அந்தச் சாமர்த்தியத்தை மூளை இப்போது கண்ணுக்காகப் பழக வேண்டும்.

விறைப்பான லென்ஸ் வகையில் மேல்-கீழ் பைஃபோகலும் உண்டு. கீழே பார்க்கும்போது கீழ் இமை லென்ஸைத் தாங்கி நிறுத்த, படிக்கும் பகுதி கண் பாப்பாவுக்கு நேராக வந்துவிடும்.

கே: போட்டு மூன்று நாள் ஆகிறது. எழுத்துக்குப் பின்னால் நிழல் விழுகிறது. காசு தண்டமா?
(வங்கி ஊழியர், திருவண்ணாமலை)

ப: மூன்றாம் நாளே தீர்ப்பு எழுதாதீர்கள். மூளை பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். தினம் சில மணி நேரமாவது போடுங்கள். திங்கள் போட்டு வெள்ளிவரை டப்பாவில் ஊறவைத்தால் லென்ஸ்தான் பழகும், மூளை பழகாது.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நல்ல கண்ணாடி தரும் கூர்மையை இந்த லென்ஸ் முழுசாகத் தராது. அன்றாட வேலையில் பெரும்பங்கைக் கண்ணாடி இல்லாமல் ஓட்டலாம், அவ்வளவுதான் ஒப்பந்தம். மாத்திரை அட்டையின் பொடி எழுத்துக்காகப் படிக்கும் கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் கழித்தும் சரியில்லை என்றால் பரிசோதித்தவரிடமே திரும்பிப் போங்கள். “மங்கலா இருக்கு” என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. “செக்கில் தொகை தெரியுது, கவுன்ட்டருக்கு வெளியே நிற்கிறவர் முகம் தெரியலை” என்று சொல்லுங்கள். ஒரு கண்ணில் 0.25 பவர் மாற்றியதுமே தீர்ந்துபோகிற வழக்குகள் நிறைய.

கே: ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்க்கிறேன். வலது கண் தூரத்துக்குச் சுமார், இடது கண் படிப்புக்குச் சுமார்.
(ஓய்வுபெற்ற கணக்குப் பிள்ளை, போளூர்)

ப: கையை எடுங்கள் ஐயா. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதற்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்த லென்ஸ் அது. தனித்தனியாகப் பரீட்சை வைத்தால் இரண்டுமே ஃபெயில்தான்.

கே: “ஒரு கண்ணில் தூரத்துக்கு, இன்னொரு கண்ணில் கிட்டத்துக்கு லென்ஸ் போடலாம்” என்கிறார் கடைக்காரர். இது என்ன கூத்து?
(கட்டட மேஸ்திரி, தண்டராம்பட்டு)

ப: கூத்தில்லை, மோனோவிஷன் என்று பெயர். சுந்தரருக்கு இடக்கண் பார்வை காஞ்சியிலும் வலக்கண் பார்வை திருவாரூரிலும் கிடைத்ததாகச் சொல்கிறது பெரிய புராணம். அதற்கு முன் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல்தான். உங்களுக்கு இரண்டும் ஒரே கடையில் கிடைக்கின்றன. வேலையை மட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

தலைமை தாங்கும் கண்ணுக்குத் தூரம், மற்றதற்குக் கிட்டம் என்பது வழக்கம். எது தலைமைக் கண்? இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துக் கோபுரக் கலசத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எதை மூடினால் கலசம் காணாமல் போகிறதோ, அதுதான் தலைமைக் கண்.

குறை என்னவென்றால் ஆழமும் இடைவெளியும் மதிப்பிடும் திறன் குறையும். 1996 அக்டோபர் 19 அன்று நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்தில் இறங்கிய டெல்டா விமானம் ஒன்று, ஓடுபாதைக்கு முன்னாலேயே வழிகாட்டி விளக்குக் கட்டமைப்பில் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் காரணமாகக் குறிக்கப்பட்டது கேப்டன் போட்டிருந்த மோனோவிஷன் லென்ஸ். நீங்கள் சாரத்தில் ஏறி நிற்கிற மேஸ்திரி. உங்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கே: மத்தியான வெயிலில் தூரத்தில் வரும் பஸ் மங்குகிறது. நிழலுக்கு வந்தால் சரியாகிறது. லென்ஸுக்கு வெயில் ஆகாதா?
(இளநீர் வியாபாரி, கிரிவலப் பாதை)

ப: வெயில் பட்டால் பாப்பா சுருங்கும். சுருங்கினால் லென்ஸின் நடு வட்டம் வழியாக மட்டுமே பார்ப்பீர்கள். உங்கள் லென்ஸில் நடு வட்டம் படிப்பதற்கானதாக இருக்கும். கூலிங் கிளாஸ் போடுங்கள். பாப்பா விரியும், பஸ் தெளியும். வீட்டில் இதற்கு நேர்மாறு: மங்கல் வெளிச்சத்தில் பேப்பர் படிக்கச் சிரமமாக இருந்தால் லென்ஸைத் திட்டாமல் இன்னொரு பல்பைப் போடுங்கள்.

கே: இரவில் எதிரே வரும் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது, சார்.
(ஆட்டோ ஓட்டுநர், திருவண்ணாமலை)

ப: சாமி படத்தில் தெரிந்தால் கும்பிடலாம், டவுன் பஸ்ஸில் தெரிந்தால் ஓரம் கட்ட வேண்டும். இருட்டில் பாப்பா விரிந்து, லென்ஸின் எல்லா வட்டங்களும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் வரும் வினை இது. பழகும்வரை ராத்திரி சவாரி வேண்டாம். பழகிய பிறகும் வட்டம் போகவில்லை என்றால், இரவுக்கு மட்டும் லென்ஸைக் கழற்றிவிட்டுத் தூரத்துக்கான கண்ணாடியைப் போட்டு ஓட்டுங்கள்.

கே: இந்த வயதில் லென்ஸ் போட்டு யாருக்கு அழகு காட்டப் போகிறாய் என்கிறார் கணவர்.
(அஞ்சலக ஊழியர், கலசபாக்கம்)

ப: மணியார்டரில் எழுதியிருக்கும் தொகைக்கு. அவருடைய மூக்குக் கண்ணாடியை வாரம் எத்தனை தடவை நீங்கள் தேடிக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

கே: பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறேன். மிளகாய், வெங்காயம், எண்ணெய்ப் புகை. லென்ஸ் போடலாமா?
(அடி அண்ணாமலை)

ப: போடலாம், எப்போது போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. காலையில் மிளகாயைத் தொடுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். மிளகாய்க் காரம் எண்ணெயில்தான் கரையும்; வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. இரவு கழற்றும் முன் விரல்களில் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, உலர்த்திவிட்டுத்தான் கண் பக்கம் போக வேண்டும். வெங்காயத்தில் உங்களுக்கு லாபம்: லென்ஸ் கருவிழியை மூடியிருப்பதால் கண்ணீர் குறையும். பக்கத்தில் நின்று மாவு கரைப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கே: தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது லென்ஸ் உருகி ஒட்டிக்கொள்ளுமாமே?
(பக்தர், வந்தவாசி)

ப: அந்த அளவுக்குச் சூடு பட்டால் இமையும் முகமும் முதலில் வெந்திருக்கும். பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது விபூதிக்கு. நெற்றியிலிருந்து உதிரும் துகள் லென்ஸுக்கு அடியில் போனால் கருவிழியைக் கீறும். கண்ணைக் கசக்காமல், கை கழுவி, லென்ஸைக் கழற்றி, சொல்யூஷனில் அலசுங்கள். புகை மண்டிய சந்நிதியில் எரிச்சல் வந்தால் வெளிப் பிராகாரத்துக்கு வந்துவிடுங்கள். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கே: லென்ஸ் நழுவிக் கண்ணுக்குப் பின்னால் போய்விட்டால்?
(பெயர் வேண்டாம் என்றவர், ஆரணி)

ப: போகாது. வெண்விழியை மூடிய மெல்லிய தோல் அப்படியே மடிந்து இமையின் உட்புறத்தோடு சேர்ந்துவிடுகிறது. பின்னால் போக வழியே இல்லை. மேல் இமைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கீழே பார்த்தபடி இமையை மெல்ல நீவினால் வந்துவிடும்.

கே: பௌர்ணமி இரவு 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, வந்த களைப்பில் லென்ஸோடு தூங்கிவிட்டேன். ஒரு நாள்தானே?
(பெங்களூரிலிருந்து வருபவர்)

ப: லென்ஸோடு தூங்கினால் கண்ணில் தொற்று வரும் வாய்ப்பு ஆறு முதல் எட்டு மடங்கு ஏறுகிறது என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். ஒரு நாளுக்கென்று தள்ளுபடி கிடையாது. அம்மன் ஒரு கணம் ஈசனின் கண்ணை விளையாட்டாகப் பொத்தினாள், உலகமே இருண்டது, காஞ்சியில் தவம் செய்து, பிறகு அண்ணாமலைக்கு வந்து தவம் செய்துதான் இடப்பாகம் பெற்றாள் என்பது இந்த ஊர்த் தலபுராணம். கண்ணோடு விளையாடினால் பரிகாரம் பெரிது. கிரிவலத்துக்குக் கண்ணாடியோடு வாருங்கள். அல்லது ஒரு நாள் போட்டு எறியும் லென்ஸ் போட்டு, படுக்கும் முன் எறிந்துவிடுங்கள்.

கே: தீர்த்தத்தில் முழுக்குப் போடும்போது கழற்ற வேண்டுமா? சொல்யூஷன் தீர்ந்தால் குழாய்த் தண்ணீர் போதுமா?
(கல்லூரி நூலகர், செய்யாறு)

ப: முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதற்குக் கூடவே கூடாது. குளம், கிணறு, போர்வெல், குழாய், எதிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸுக்கு அடியில் குடியேறினால் கருவிழியை அரிக்கும்; வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டில் குளிக்கும்போதும் கழற்றுவதே நல்லது. எச்சிலில் நனைத்துப் போடும் சாமர்த்தியசாலிகளுக்கும் இதே பதில். பழைய சொல்யூஷன்மேல் புதிதை ஊற்றி நிரப்பாதீர்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கே: மாத லென்ஸைக் கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிறேன். 30 கல்யாணம் வரை வருமா?
(துணிக்கடை உரிமையாளர், ஆரணி)

ப: வராது. உறை பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் கணக்கு. எத்தனை தடவை போட்டீர்கள் என்பதல்ல. உங்களுக்கு ஒரு நாள் லென்ஸே மலிவு.

கே: பைஃபோகலை முதலில் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
(போட்டித் தேர்வு எழுதுபவர், திருவண்ணாமலை)

ப: அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்ளின் என்பது பொதுவான கணிப்பு. 1785-இல், 79 வயதில் எழுதிய கடிதத்தில் அதை விவரிக்கிறார்: இரண்டு கண்ணாடிகளைப் பாதியாக அறுத்து ஒரே வளையத்தில் சேர்த்துக்கொண்டாராம். அப்போது பிரான்ஸில் தூதர். சாப்பாட்டு மேசையில் தட்டில் இருப்பதும் தெரிய வேண்டும், எதிரே பேசுபவரின் முகமும் தெரிய வேண்டும். முகம் தெரிந்தால்தான் அவருக்குப் பிரெஞ்சு புரிந்ததாம். கோடு தெரியாத புரோகிரசிவ் கண்ணாடியை 1959-இல் கொண்டுவந்தவர் பிரான்ஸின் பெர்னார் மெத்தனாஸ். மெல்லிய கான்டாக்ட் லென்ஸை 1961 கிறிஸ்துமஸ் சமயம் வீட்டிலேயே வார்த்தெடுத்தவர் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. கருவிகள்: குழந்தைகள் விளையாடும் கட்டுமான பொம்மை செட்டும் சைக்கிள் டைனமோவும். தேர்வில் வந்தால் எனக்கும் ஒரு மார்க்.

கே: மூலிகைச் சாறு, கண் பயிற்சி, சொட்டு மருந்து: வெள்ளெழுத்துக்கு ஏதாவது உண்டா?
(சித்த மருத்துவ ஆர்வலர், சாத்தனூர்)

ப: மன்னன் பிரபுடதேவராயனின் கண்பார்வைக்காகப் பாரிஜாதப் பூ கொண்டுவர, அருணகிரிநாதர் கிளி உடம்புக்குள் புகுந்து தேவலோகம் போனார், அதற்குள் இங்கே அவர் உடம்பை எரித்துவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. பெரிய கோயிலில் கிளிக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயாரில்லாதவர்கள் கண்ணில் எந்தச் சாற்றையும் பிழியாமல் இருப்பது நல்லது. கருவிழிப் புண்ணுக்கு அதுவே நேர்வழி. இறுகிய லென்ஸைப் பயிற்சி இளக்காது. பாப்பாவைச் சுருக்கிச் சில மணி நேரம் படிக்க உதவும் பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு அமெரிக்கா 2021-இல் அனுமதி தந்தது. இந்தியாவில் 2024 ஆகஸ்ட்டில் இதே வகை மருந்து ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. விளம்பரம் எல்லை மீறியதாகச் சொல்லி அடுத்த மாதமே அதை நிறுத்தி வைத்தார்கள்.

கே: எனக்கு மைனஸ் 2.50. கண்ணாடியைக் கழற்றினால் பேப்பர் நன்றாகப் படிக்கிறேன். மல்டிஃபோகல் லென்ஸ் வேண்டுமா?
(வழக்கறிஞர், திருவண்ணாமலை)

ப: யோசித்துச் செய்யுங்கள். உங்கள் வெறுங்கண் 40 சென்டிமீட்டரில், அதாவது பேப்பர் பிடிக்கும் தூரத்தில், தானாகவே தெளிவாகப் பார்க்கிறது. இலவசமாக வந்த படிக்கும் கண்ணாடி அது. லென்ஸ் போட்டால் அந்தச் சலுகை போகும். நினைத்தபோது கழற்றவும் முடியாது. தூரமும் கிட்டமும் இரண்டுமே மங்கியவர்களுக்கு மல்டிஃபோகல் சட்டென்று பிடித்துப்போகும். ஒன்று நன்றாக இருப்பவர்களைத் திருப்திப்படுத்துவது கஷ்டம். பெட்டியாக வாங்கும் முன் சோதனை லென்ஸ் கேட்டு வாங்கி, அதோடு ஒரு நாள் கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கே: லென்ஸ் வேண்டாம், பைஃபோகல் கண்ணாடியே போதும் என்கிறேன். ஆனால் கிரிவலத்தில் வெறுங்காலோடு நடக்கும்போது தரை மிதக்கிறது.
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அடி அண்ணாமலை)

ப: காலடியைப் படிக்கும் பவர் வழியாகப் பார்க்கிறீர்கள், மிதக்கத்தான் செய்யும். படியில் தடுக்கி விழுகிற முதியவர்கள் பலரின் கதை இது. நடைக்கென்று தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. மல்டிஃபோகல் லென்ஸின் ஒரு பெரிய நன்மையும் இங்கேதான்: எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பார்வை, படியைத் தேடித் தலையைக் குனிய வேண்டாம்.

கே: மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது. லென்ஸ் போட்டு மறைக்கலாமா?
(கல்லூரிப் பேராசிரியர், செய்யாறு)

ப: சிவப்பு மறையாது, தொற்று இரட்டிக்கும். குணமாகி டாக்டர் சரி என்று சொல்லும்வரை கண்ணாடிதான். கண் சிவந்த காலத்தில் போட்டிருந்த லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியுங்கள். பேர் மெட்ராஸுக்கு வந்தாலும் பெருமையும் மெட்ராஸுக்கு உண்டு: எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று.

கே: சர்க்கரை இருக்கிறது. போன மாதம் எடுத்த பவர் இந்த மாதம் பொருந்தவில்லை.
(நெல் வியாபாரி, போளூர்)

ப: சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் கூடவே ஏறி இறங்கும். முதலில் சர்க்கரையைக் கட்டுங்கள். சில வாரம் நிலையாக இருந்த பிறகு அளவெடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது கட்டாயம். லென்ஸ் போடுவது டாக்டர் சொன்னால் மட்டும். உங்களுக்குப் புண் ஆற நாளாகும்.

கே: நான் பூ கட்டுகிறேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. படிக்கத் தெரியாத எனக்கு எதுக்குக் கண்ணாடி?
(பூக்காரம்மா, அடி அண்ணாமலை, பேரன் எழுதி அனுப்பியது)

ப: இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி உங்களுடையதுதான் அம்மா. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது தாண்டிய 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உடனே கிட்டத்தில் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி கொடுத்தார்கள். அவர்கள் பறித்த இலை, கண்ணாடி கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 2018-இல் வெளியான முடிவு இது. இலை பறிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பூ கட்டவும் வேண்டியதில்லை. உலகத்தில் 82 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி இல்லாமலே இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கணக்குச் சொன்னது. உங்களுக்கு மல்டிஃபோகல் லென்ஸெல்லாம் வேண்டாம். அரசு மருத்துவமனையிலோ கண் முகாமிலோ கண்ணைக் காட்டி, ஒரு சாதாரணக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி, பாட்டியைக் கூட்டிப்போவது உன் பொறுப்பு.

கே: எது பொறுத்துக்கொள்ள வேண்டியது, எது ஓட வேண்டியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வங்கி ஊழியர், திருவண்ணாமலை: இரண்டாம் முறை)

ப: மங்கல், நிழல், ஒளிவட்டம் இருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், ஓயாத நீர், திடீரென்று பார்வைக் குறைவு: இவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதீர்கள். லென்ஸைக் கழற்றி டப்பாவோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடாதீர்கள். அப்படி எதுவும் இல்லாதவர்களும் நாற்பது தாண்டிவிட்டால், கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்தை லென்ஸால் சமாளிக்கலாம். கண் அழுத்த நோய் தின்ற பார்வை திரும்பி வராது.